மாலகா விமான நிலையத்திலிருந்து பெனல்மாதெனாவுக்கு ரயிலா, டாக்ஸியா? அம்மாவும் கூட வருகிறார்

கும்பகோணத்துக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். ஈஸ்டர் விடுமுறைக்கு ஸ்பெயினில் மாலகா பக்கம் ஒரு வாரம் போகிறோம். நான், கணவர், பிள்ளைகள் இரண்டு பேர் (9 வயது, 5 வயது), அப்புறம் ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி. சமதளத்தில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடப்பார், மேடு, படி என்றால் மட்டும் முகம் மாறிவிடும். தங்குவது பெனல்மாதெனாவில் கடற்கரையோரம். லண்டன் பக்கத்து லூட்டனிலிருந்து கிளம்பி இரவு 10.25க்கு இறங்குகிறோம். திரும்பும் விமானம் ஞாயிற்றுக்கிழமை காலை 11.40.

விமான நிலையத்திலேயே ரயில் நிலையம் இருக்கிறது, கடற்கரை ஊர்களுக்கெல்லாம் நேர் வண்டி, ஆளுக்கு இரண்டு மூன்று யூரோதான் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ரயில் ஆசை. கணவரோ "ராத்திரி நேரம், அஞ்சு பேர், நாலு பெட்டி, பாஷை தெரியாத ஊர், பேசாமல் டாக்ஸி பிடி" என்கிறார். போன முறை வேறொரு ஊரில் டாக்ஸிக்குக் கொடுத்த காசை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

நிலையத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமா? டிக்கெட் எப்படி? ராத்திரி எத்தனை மணி வரை வண்டி? இறங்கிய பிறகு கடற்கரைக்கு எவ்வளவு நடை? போய் வந்தவர்கள் சொல்லுங்கள். கூகுள் மேப் போட்டுப் பார்த்துவிட்டேன், அது மேடு பள்ளத்தைச் சொல்ல மாட்டேன் என்கிறது.

ஹரோ அண்ணை:

தங்கச்சி, நாங்கள் நாலு தரம் போய் வந்த இடம். ஸ்டேஷனைக் கண்டுபிடிப்பது ஒரு வேலையே இல்லை. மூன்றாம் டெர்மினலால் வெளியே வந்தால் "செர்கனியாஸ்" என்று பலகை இருக்கும், அங்கத்தைய புறநகர் ரெயினுக்கு அதுதான் பெயர், சிவப்பு வட்டத்துக்குள் ஆங்கில சி எழுத்தைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒரு வெள்ளை அடையாளம். அதைப் பிடித்துக்கொண்டு போனால் கொஞ்ச நேரத்தில் ஸ்டேஷன். ரெயின் நிலத்துக்குக் கீழே வரும், லிஃப்ட் இருக்கிறது, அம்மாவுக்குப் படி ஏறி இறங்கும் கரைச்சல் இல்லை.

ரிக்கெற் மெஷினில்தான். கொடிப் படத்தைத் தொட்டால் ஆங்கிலத்துக்கு மாறும். காகித அட்டை ஒன்று தரும், அந்த அட்டைக்குத் தனியாக 50 சதம், பிறகு அதையே திரும்பத் திரும்ப நிரப்பலாம், எறிந்துவிடாதீர்கள். நாங்கள் போனபோது மாலகா நகரத்துக்கு 1.80 யூரோ, கடைசி ஸ்டேஷன் ஃபுவென்ஹிரோலாவுக்கு 2.70. இப்போது மாறியிருக்கலாம், ஆனால் பயப்படுகிற காசில்லை.

ரெண்டு விஷயம் கவனம். ஒன்று, அட்டை உள்ளே போவதற்கு மட்டும் இல்லை, வெளியே வரவும் கேட்டில் வைக்க வேண்டும். எங்கள் சின்னவன் டொரெமொலினோஸில் இறங்கும்போது தன்ரை அட்டையைக் காணவில்லை என்று நின்றான், நாங்கள் நாலு பேர் கேட்டுக்கு அந்தப் பக்கம், அவன் இந்தப் பக்கம், மனிசி கம்பிக்கு மேலால் அவனைத் திட்ட, பின்னால் சனம் வரிசையில் நிற்கிறது. கடைசியில் அவன்ரை சப்பாத்துக்குள் இருந்தது. ஏன் அங்கே வைத்தாய் என்றால் பத்திரமாக இருக்கட்டும் என்றான்.

ரெண்டாவது, ஒரே ஸ்டேஷனில் ரெண்டு பக்கமும் ரெயின் வரும். நீங்கள் ஏற வேண்டியது "ஃபுவென்ஹிரோலா" என்று போட்டது. "சென்ட்ரோ அலமேதா" என்று போட்டது மாலகா நகரத்துக்குப் போகிறது. முதல் தரம் போனபோது முன்னால் வந்ததில் பாய்ந்து ஏறி, எதிர்த் திசையில் போய் அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வந்தோம். 20 நிமிசத்துக்கு ஒருக்கால்தான் ரெயின், நினைவிருக்கட்டும்.

கடல் பார்க்க வேண்டும் என்றால் போகும்போது இடப் பக்கம் இருங்கள், வரும்போது வலப் பக்கம். இரவில் போனால் இதெல்லாம் ஒன்றும் தெரியாது, அது வேறு கதை.

பட்டறிவு_பாலு:

டாக்ஸி. இரவு 10.25 என்பது விமானம் தரையைத் தொடும் நேரம், நீங்கள் வெளியே வரும் நேரம் இல்லை. பிரிட்டனிலிருந்து வருகிறீர்கள், பாஸ்போர்ட் வரிசை உண்டு, இப்போது விரல் ரேகை, முகப்படம் வேறு எடுக்கிறார்கள். அதற்கப்புறம் பெட்டி வர வேண்டும். ஆனால் ஒன்று, சாதாரண டாக்ஸியில் நான்கு பேர்தான் ஏற்றுவார்கள். ஐந்து பேர் என்றால் பெரிய வண்டி வேண்டும் என்று வரிசையில் நிற்கும்போதே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் முறை வந்த பிறகு ஓரமாக நிற்கச் சொல்வார்கள்.

உங்கள் கணவர் கட்சிதான் நான்.

மாட்ரிட்வாசி:

பாலு சொல்வது சரி, ஆனால் பாதிதான் சரி. ரயிலை மொத்தமாகத் தள்ளிவிட வேண்டாம். நான் ஐந்து வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன், மாலகாவுக்கு வருடத்தில் இரண்டு முறையாவது போவேன், அந்தத் தடம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொண்டால் நீங்களே முடிவெடுத்துவிடலாம்.

தடத்தின் பெயர் சி-1. மாலகா நகர மையத்தில் ஆரம்பித்து விமான நிலையம், டொரெமொலினோஸ், பெனல்மாதெனா வழியாக ஃபுவென்ஹிரோலாவில் முடிகிறது. அங்கே இருந்தது ஒரு காலத்தில் கடற்கரையோரம் ஓடிய குறுகிய பாதை, அதை எடுத்துவிட்டு அகலப் பாதையாக்கி 1975ல் திறந்தார்கள். ஸ்பெயினின் பழைய அகலப் பாதை 1668 மில்லிமீட்டர், நம் ஊர் அகலப் பாதை 1676. எட்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். (மாட்ரிட் போகும் அதிவேக வண்டி ஓடுவது வேறு அளவுப் பாதை, 1435. அதனால் இரண்டும் ஒரே நிலையத்துக்கு வந்தாலும் ஒன்றின் பாதையில் மற்றது ஓட முடியாது.) விமான நிலையத்தில் நிலத்தடி நிலையம் வந்தது 2010ல், மூன்றாம் டெர்மினல் திறந்த அதே வருடம்.

முக்கியமான விஷயம் இதுதான்: கடற்கரைப் பக்கம் பெரும்பகுதி ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் வண்டிகள் ஏதாவது ஒரு நிலையத்தில்தான் ஒன்றையொன்று கடக்க முடியும். கோடையில் ஊரே கூட்டத்தில் பிதுங்கினாலும் 20 நிமிடத்துக்கு ஒன்று என்பதற்கு மேல் விட முடியாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். ஒரு வண்டி ஐந்து நிமிடம் தாமதம் என்றால் எதிர் வண்டியும் காத்துக் கிடக்கும். ஊரில் "கிராசிங் போட்டுட்டான்" என்போமே, அதேதான். நடுவில் ஒரு நிலையத்தில் வண்டி சும்மா நின்றால் இறங்கி ஓடாதீர்கள்.

நேரத்துக்கு வருகிறேன். அதிகாலை வண்டிகள் மாலகா பக்கத்திலிருந்து கிளம்புகின்றன. அதனால் நகரத்தில் தங்கியிருப்பவருக்கு விமான நிலையத்துக்கு ஐந்தரை வாக்கிலேயே வந்து சேர வண்டி உண்டு. ஃபுவென்ஹிரோலாவிலிருந்து முதல் வண்டி ஆறு மணிக்குப் பிறகுதான். ஏழு மணி விமானக்காரர்களுக்கு அது உதவாது. ராத்திரி இதற்கு நேர் எதிர்: ஃபுவென்ஹிரோலா பக்கம் போகும் கடைசி வண்டி நள்ளிரவுக்குச் சற்று முன்பே விமான நிலையத்தைத் தாண்டிவிடும், நகரத்துக்குப் போவது அதற்கு அப்புறமும் உண்டு. உங்களுக்கு வேண்டியது ஃபுவென்ஹிரோலா பக்கம். 10.25க்கு இறங்கி, எல்லாம் ஒழுங்காக நடந்தால் பிடிக்கலாம். ஏதாவது ஒன்று சறுக்கினால் முடிந்தது.

ஆகவே போகும்போது டாக்ஸி, வரும்போது ரயில். 11.40 விமானத்துக்கு ரயில்தான் சரி, ஞாயிறு காலை சாலையை நம்ப வேண்டாம்.

இன்னொன்று, உங்களுக்கு இந்த முறை தேவைப்படாது, மற்றவர்களுக்காக எழுதுகிறேன். மாட்ரிட்டிலிருந்து ரென்ஃபே (ஸ்பெயினின் அரசு ரயில் நிறுவனம்) நெடுந்தூர வண்டியில் வருகிறவர்கள் அந்த டிக்கெட்டில் இருக்கும் குறியீட்டை மெஷினில் போட்டால் சி-1க்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். மாறும் இடம் மாலகாவின் பெரிய ரயில் நிலையமான மரியா சம்ப்ரானோ. விமான நிலையப் பக்கம் அதற்கு அடுத்த நிலையத்தின் பெயர் விக்டோரியா கென்ட். முதலாமவர் தத்துவம் எழுதியவர், அடுத்தவர் 1931ல் ஸ்பெயினின் சிறைத் துறைக்குத் தலைமை வகித்த வழக்கறிஞர். இருவரும் மாலகா பக்கத்துக்காரர்கள். அடுத்தடுத்த இரண்டு நிலையங்களுக்குப் பெண்களின் பெயர், அதுவும் படித்த பெண்களின் பெயர். எனக்குப் பிடித்த விஷயம், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மகிழினி_அம்மா:

எல்லாரும் ரயிலைப் பற்றியே சொல்கிறீர்கள், அவர் கேட்ட மேடு பள்ளத்தை யாரும் தொடவில்லையே!

நான் தள்ளுவண்டியும் கைக்குழந்தையுமாகப் போனவள். ரயிலுக்குள் ஒரு குறையும் இல்லை, பெட்டியின் வாசல் நடைமேடைக்குச் சமமாக இருக்கும், தள்ளுவண்டி அப்படியே உருண்டு ஏறிவிடும். குளிர்சாதனம் உண்டு. பெட்டி வைக்கத் தனி இடம் கிடையாது, கதவோரம் காலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், இருபது நிமிடம்கூட ஆகாது, அதனால் பரவாயில்லை. கைப்பையை மட்டும் முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள், விடுமுறைக் கூட்டத்தில் கை வைக்க வருகிறவர்கள் உண்டு.

விஷயம் இறங்கிய பிறகுதான். பெனல்மாதெனா என்பது ஒரே ஊர் இல்லை, மூன்று. மலையில் பழைய ஊர், நடுவில் ஆரோயோ தே லா மியேல், கீழே கடற்கரை. ரயில் நிற்பது நடு ஊரில். பெயருக்கு அர்த்தம் தேன் ஓடை என்று யாரோ சொன்னார்கள், சூட்கேஸோடு இறங்கியவளுக்கு அதில் தேனும் தெரியவில்லை ஓடையும் தெரியவில்லை. அங்கிருந்து கடற்கரைக்கு ஒன்றரை கிலோமீட்டருக்குக் குறையாது, முழுக்க இறக்கம். இறக்கம்தானே என்று நானும் நினைத்தேன். பெரிய பெட்டியில் நான்கு சக்கரமும் சுற்றுகிற வகை என்னுடையது. அது என்னை இழுத்துக்கொண்டு போனது. ஒரு கையில் தள்ளுவண்டி பின்னால் இழுக்கிறது, மறு கையில் பெட்டி முன்னால் இழுக்கிறது, நடைபாதைக் கல் ஒவ்வொன்றுக்கும் கடகடவென்று சத்தம், பால்கனியில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த ஒரு தாத்தா நாங்கள் கண்ணை விட்டு மறையும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பாதி வழியில் ஒரு சக்கரம் கழன்று தனியாக உருண்டு போய்விட்டது, அதைத் துரத்த என்னிடம் மூன்றாவது கை இல்லை.

இறங்கும்போது அப்படி. ஏறும்போது எப்படி என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். அம்மாவை அதில் நடக்க வைக்காதீர்கள். நிலையத்து வாசலிலேயே டாக்ஸி நிற்கும், பஸ்ஸும் உண்டு.

உங்கள் ஹோட்டல் கடற்கரையில் எந்தப் பக்கம்? படகுத் துறைப் பக்கமா, ஃபுவென்ஹிரோலாவை ஒட்டிய பக்கமா? ஒட்டிய பக்கம் என்றால் ஆரோயோவில் இறங்காமல் அதற்கு அடுத்த டொரெமுயேயே நிலையம் பக்கமாக இருக்கலாம். ஹோட்டல்காரர்கள் எல்லாம் "பெனல்மாதெனா" என்றுதான் போடுவார்கள்.

கும்பகோணத்துக்காரி:

மகிழினி அம்மா, சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. ஹோட்டல் படகுத் துறைப் பக்கம்தான். கணவரிடம் படித்துக் காட்டினேன், பாலு அண்ணா பதிலை மட்டும் மறுபடி ஒரு முறை படிக்கச் சொன்னார்.

அங்கே போன பிறகு ரயிலில் ஊர் சுற்றலாம் இல்லையா? மார்பேயாவுக்கும் ரயிலிலேயே போய்விடலாமா?

ஹரோ அண்ணை:

மார்பேயாவுக்கு ரெயின் இல்லை தங்கச்சி, தண்டவாளம் ஃபுவென்ஹிரோலாவோடு முடிகிறது. அங்கே ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே பஸ் நிலையம், மாறிப் போகலாம். விமான நிலையத்திலிருந்தே மார்பேயா போகிறவர்கள் ரெயினை மறந்துவிட்டு நேர் பஸ் எடுப்பதுதான் கெட்டித்தனம்.

கடற்கரைக்கு என்றால் கர்வஹால் ஸ்டேஷனில் இறங்குங்கள், இறங்கி ரோட்டைக் கடந்தால் மணல். அங்கே பழைய படகு ஒன்றில் மணலை நிரப்பி, விறகு நெருப்பு போட்டு, சாளை மீனைக் குச்சியில் வரிசையாகக் கோர்த்து நிறுத்திச் சுடுவார்கள். உப்பு மட்டும்தான், மிளகாய்த்தூளும் இல்லை மஞ்சளும் இல்லை. நான் கொஞ்சம் மிளகாய்த்தூள் சரையில் கட்டிக்கொண்டு போவேன், அதை வெளியே எடுத்தால் மனிசி முகத்தை அங்காலை திருப்பிக்கொள்வா.

மாட்ரிட்வாசி:

மாலகா நகரத்துக்கு ஒரு நாள் போங்கள். பழைய ஊர் பார்க்க மரியா சம்ப்ரானோவில் இறங்காதீர்கள், நகரப் பக்கம் அதற்கு அடுத்த கடைசி நிலையம் சென்ட்ரோ அலமேதா. பிக்காசோ பிறந்த ஊர், அவர் பெயரில் அருங்காட்சியகம் அங்கிருந்து நடக்கும் தூரம்தான். ஈஸ்டர் வாரம் என்பதால் மாலை வண்டிகளில் நிற்க இடம் கிடைத்தாலே அதிர்ஷ்டம்.

அம்மாவுக்கு ஒரே ஒரு ஸ்பானிஷ் வார்த்தை சொல்லிக் கொடுங்கள். "சலிதா" என்று எழுதியிருந்தால் அது வெளியே போகும் வழி. சலித்தால் வெளியே என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

கும்பகோணத்துக்காரி:

போய் வந்தாயிற்று. கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவள் நான் இல்லை, அதனால் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

போகும்போது விமானம் 40 நிமிடம் தாமதம். பாஸ்போர்ட் வரிசையில் எங்களுக்கு ஆன நேரத்தைவிட இந்திய பாஸ்போர்ட்டும் விசாவுமாக நின்ற அம்மாவுக்குக் கூடுதலாக ஆனது. வெளியே வந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. ரயில் பலகையைப் பார்த்தேன், எங்கள் பக்கம் ஒரு வண்டியும் இல்லை. கணவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பேசாமை இருக்கிறதே, அதுதான் தாங்க முடியவில்லை. பெரிய டாக்ஸி என்று முதலிலேயே சொல்லிவிட்டதால் கால் மணி நேரத்தில் கிடைத்தது, முப்பது யூரோவுக்குக் கொஞ்சம் மேல் ஆனது. ஐந்து பேருக்கு அது நியாயம்தான் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் காலையில் ரயில் நிலையத்துக்கு நடந்தே ஏறிப் பார்க்கலாம் என்று கிளம்பியது என் தப்பு. மூன்றாவது திருப்பத்தில் அம்மா ஒரு குட்டிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்றார், அது கோபத்தில் சொல்வது என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அன்றிலிருந்து நிலையத்துக்குப் பஸ்தான். ரயில் ஏறியதும் அம்மா வேறு ஆள். ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் அறிவிப்புக்கு முன்னால் தானே சொல்லிப் பார்ப்பார், எல் பினீயோ, மோந்தெமார் ஆல்தோ, லா கொலீனா என்று. சின்னவளும் கூடவே சொல்ல, எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருவர் உச்சரிப்பைத் திருத்திக் கொடுத்துக்கொண்டே வந்தார். "சலிதா" வீட்டு வார்த்தையாகிவிட்டது. லூட்டனில் வந்து இறங்கியும் அம்மா "சலிதா எங்கே போட்டிருக்கான்?" என்று தேடினார்.

மாலகாவில் ஒரு மாலை ஈஸ்டர் ஊர்வலம் பார்த்தோம். மாதா சிலை வைத்த பெரிய மேடையை இருநூறு பேருக்குமேல் தோளில் தூக்கி, மேளத்துக்கு ஏற்ப ஆடி ஆடி வருகிறார்கள். மெழுகுவர்த்தி, பூ, தூபப் புகை. அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, "நம்ம ஊர்ல இதுக்குச் சக்கரம் வெச்சிருப்பாங்க" என்றார். திரும்பும் ரயிலில் மாட்ரிட்வாசி சொன்ன கூட்டம்தான். மூச்சு விட இடமில்லை, ஒரு கல்லூரிப் பெண் எழுந்து அம்மாவை உட்கார வைத்தாள், நாங்கள் நான்கு பேரும் கதவோடு ஒட்டிக்கொண்டு வந்தோம். வழியில் ஒரு நிலையத்தில் எட்டு நிமிடம் நின்றது. எல்லாரும் உச்சுக் கொட்ட, நான் மட்டும் பக்கத்தில் இருந்த கணவரிடம் "கிராசிங்" என்றேன். ரொம்பப் பெருமையாக இருந்தது.

திரும்பி வரும் நாள் ஹோட்டலிலிருந்து நிலையம் வரை மட்டும் டாக்ஸி, அதுவும் இரண்டு டாக்ஸி, பெட்டிகளுக்காக. அங்கிருந்து ரயில். எட்டே முக்காலுக்கெல்லாம் விமான நிலையத்தில் இருந்தோம். மூன்று மணி நேரம் இருக்கிறதே என்று நிதானமாகக் காபி குடித்தது இன்னொரு தப்பு. பாதுகாப்புச் சோதனை முடிந்து கடைகளைத் தாண்டிப் போனால், பிரிட்டன் விமானங்களுக்கு மறுபடி ஒரு பாஸ்போர்ட் வரிசை, அது பாம்பு மாதிரி வளைந்து நிற்கிறது. கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆட்களை ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். ரயிலில் மிச்சம் பிடித்த நேரத்தைக் காபியில் விடாதீர்கள்.

ஐந்து டிக்கெட் அட்டையும் என் பர்ஸில் இருக்கின்றன. அக்டோபர் அரை டெர்ம் விடுமுறைக்கு வேண்டியிருக்கும்.

பட்டறிவு_பாலு:

கணவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நெல்லை_குமார்:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நாங்கள் ஜூனில் நெர்ஹா போகிறோம், அதுவும் மாலகா விமான நிலையம்தான். அதற்கும் இதே ரயிலா?

மாட்ரிட்வாசி:

இல்லை. நெர்ஹா எதிர்ப் பக்கம், கிழக்கே, அங்கே ரயிலே கிடையாது. சி-1ல் மரியா சம்ப்ரானோ வரை வந்து இறங்குங்கள், பக்கத்துக் கட்டடமே பஸ் நிலையம், அங்கிருந்து பஸ். எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள்?